கசங்காத புத்தகம்

1938இல் 10 சதத்துக்கு விற்ற 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழின் ஒரு பிரதி 2014இல் 32 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. சுப்பர்மானை அறிமுகப்படுத்திய இதழ் அது. அவனைப் படைத்த இருவரும் உரிமையை 130 டொலருக்கு விற்றிருந்தார்கள்.

அந்தப் பிரதிக்குப் பத்துக்கு 9 புள்ளி. முதுகில் மடிப்பு, மூலையில் மழுங்கல், பக்கத்தில் மஞ்சள் என்று எது கண்டாலும் புள்ளி குறையும். பிறகு பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்துவிடுவார்கள். திறந்து வாசித்தால் புள்ளி செல்லாது. வாசிப்பே சேதமாகிவிடுகிறது.

1972இல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து கொமிக்ஸ் ஊரில் எங்களிடம் கைமாறிக் கைமாறி, அட்டையில்லாமல்தான் வந்து சேரும். மொன்றியல் கடைக்காரர் அதற்கு ஒரு புள்ளியும் தரமாட்டார்.

அருமையானது விலையேறுவது நியாயம்தானே என்பார்கள். எதனால் அருமையாயிற்று? இரண்டாம் உலகப் போரில் பழைய தாள் சேகரிப்புக்குப் போனதால் அமெரிக்க இதழ்கள் அருகின. 1981இல் யாழ் நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. எரித்தவன் எஞ்சியவற்றின் மதிப்பைக் கூட்டினான் என்று சொல்ல எங்களுக்கு வாய் வருமா?

சேகரிப்பவரைக் குறைசொல்லவில்லை. அவர் காக்காவிட்டால் பலதும் மிஞ்சாது. ஆனால் ஒரு இதழ் ஐம்பது வருடம் கசங்காமலிருக்க, அதை வைத்த வீட்டுக்கும் ஐம்பது வருடம் கூரை இருக்கவேண்டும். அந்தப் புள்ளியில் பாதி, இடம்பெயராத வாழ்வுக்குக் கிடைப்பது. எங்களிடம் மிஞ்சிய ஈரம்பட்ட பிரதிகளைப் பிள்ளைகள் புரட்டட்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.