பழிக்கு முன்னால், புகழுக்குப் பின்னால்

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களிலேயே வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் துவண்டுபோனார். நிருபர்கள் முன் போய் உட்கார்ந்து, பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த முயற்சியில், 1980 ஜூலை 18இல், அதே வகை ராக்கெட் ஏந்திச் சென்ற ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டியது. அன்று நிருபர்களிடம் பேசும் வாய்ப்பைத் தவான் கலாமுக்கே விட்டுக்கொடுத்தார்.

பழியைத் தலைமை தாங்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான், கோளாறைத் திட்ட மேலாளர் மறைக்காமல் அன்றைக்கே சொல்வார். சொன்ன கோளாறைத்தான் சரிசெய்ய முடியும். இன்று கெட்ட செய்தியோடு உங்கள் அறைக்கு ஒருவர் வந்தால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். அடுத்து, என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள்.