சொரணை

'பிரக்ஞை' என்கிற சொல்லை எம்.ஏ. வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்டேன். பம்மலில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. எழுபதுகளில் சென்னையிலிருந்து அந்தப் பேரிலேயே ஒரு சிறுபத்திரிகை வந்தது. இலக்கியவாதிகள் மதிக்கும் சொல். உபநிடதக்காரர்கள் அதைப் பிரம்மத்தோடு ஒன்றாக்கி வைத்தார்கள். பிரம்மத்தைத் தொட்ட சொல் நம்மைத் தொடுமா?

நமக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் வேறு. செப்டிக் டேங்க்கில் இறங்கியவர் விஷவாயு தாக்கி 'சுயநினைவு' இழந்தார் என்று செய்தி வரும். மறுவாரம் துப்புரவுத் தொழிலாளருக்கு 'விழிப்புணர்வு' முகாம் நடக்கும். பேனர், பிஸ்கட், டீ. எழுதுகிறவனுக்குப் பிரக்ஞை, விழுகிறவனுக்குச் சுயநினைவு, விழுந்தவனின் தம்பிக்கு விழிப்புணர்வு என்று ஒரே பொருளை நாலு சாதிச் சொல்லாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது தமிழ்.

இதில் விழிப்புணர்வு என்கிற சொல்தான் எனக்கு ஆகவே ஆகாது. செத்தவனுக்குத் தெரியவில்லை, அதனால் செத்தான் என்பதை நாகரிகமாகச் சொல்கிற சொல் அது. ஆனால் தொட்டிக்குள் என்ன நடக்கிறது? ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போகும், வாடையே தெரியாது. 'வாடை அடங்கிடுச்சு, எறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் எமன். இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவான். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் அப்படியே. எத்தனை முகாமுக்குப் போனாலும் மூக்கு ஏமாற்றத்தான் செய்யும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. குற்றவாளி இறக்கியவன். இறங்கியவன் விழிப்போடு இருந்தானா என்று சட்டம் கேட்கவில்லை. 1993லிருந்து இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது யார்? வீட்டுக்காரர், கழிவுநீர் லாரி முதலாளி, அதிகாரி. அவர்களுக்கு முகாம் நடத்தி நான் பார்த்ததில்லை. 2021இல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. பெயர்ப்பலகை மாறியது, முகாமுக்கு வருகிற முகங்கள் மாறவில்லை.

இடதுசாரித் தோழர்களிடமும் ஒரு சொல் இருந்தது. சாதியைப் பேசினால் 'பொய்ப் பிரக்ஞை' என்பார்கள். 1893இல் எங்கெல்ஸ் மெஹ்ரிங்குக்கு எழுதிய கடிதத்தில் வருகிற சொல் அது. அங்கே அவர் பேசியது சிந்தனையாளனைப் பற்றி. தன் சிந்தனையை உண்மையில் எது இயக்குகிறது என்றே அறியாமல் சிந்திக்கிறவனைப் பற்றி. நம் ஊரில் அது சேரிக்காரனுக்குக் கொடுக்கிற சான்றிதழ் ஆகிப்போனது.

அம்பேத்கர் இந்தச் சொல்லை எந்தப் பக்கம் திருப்பினார் என்று பாருங்கள். அவர் 1913இலிருந்து 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிட்டிங்ஸ் என்கிற சமூகவியலாளர் இருந்தார். இவனும் நம்மைப் போன்றவன் என்று ஒருவர் மற்றவரை அறிவதே சமூகத்துக்கு அடிப்படை, அதுதான் 'இன உணர்வு' என்பது கிட்டிங்ஸின் கருத்து. 1936இல் சாதி ஒழிப்பு பற்றிய தன் உரையை அச்சிட்டபோது அம்பேத்கர் அந்தக் கருத்தைக் கையில் எடுத்தார். இந்துவிடம் அந்த உணர்வு கிடையாது, அவனிடம் இருப்பது தன் சாதி பற்றிய உணர்வு மட்டும்தான் என்றார். குறைபாடு யாரிடம் என்கிற கேள்வி அத்தோடு தலைகீழானது. அறுபது வருஷம் கழித்தும் நாம் நம் சனத்துக்குத்தான் உணர்வூட்டிக்கொண்டிருந்தோம்!

மணிமேகலை சொல்லும் பன்னிரு நிதானங்களில் மூன்றாவது 'உணர்வு'. பாலியில் அது விஞ்ஞாணம். பேதைமை, செய்கை இரண்டையும் சார்ந்து அது தோன்றுகிறது. தனியாக, சாட்சியாக, எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற பிரக்ஞை என்று ஒன்றைப் பௌத்தம் ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால் 'இவனுக்கு உணர்வு இருக்கிறதா' என்பதே தப்பான கேள்வி. எதைச் சார்ந்து அது வந்தது, எது அதை மரத்துப் போகச் செய்தது என்று கேட்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் தெருச் சொல்லுக்கு வருகிறேன். சொரணை. நாகல்கேணி தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு வேலை செய்த பெரியப்பா, 'வெரல்ல சொரணையே இல்லடா, டீ கிளாசு சூடு தெரியல' என்பார். மேஸ்திரி பேர் சொல்லாமல் 'டேய்' என்று கூப்பிட்டதைச் சொல்லும்போதும் அதே சொல்தான்: 'சொரணை உள்ளவன் எவனாச்சும் திரும்பிப் பாப்பானா?' தோலும் மானமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. உடம்பு வேறு, உணர்வு வேறு என்று பிரிப்பதற்கு வசதியுள்ளவனுக்குத்தான் பிரக்ஞை தேவைப்படுகிறது.

ஆனால் 'சொரணை கெட்ட சனம்' என்று நம்மையே திட்டவும் இதே சொல்தானே, என்று கேட்கலாம். உண்மைதான். நம் மேடைகளிலேயே அப்படிப் பேசிய தலைவர்கள் உண்டு. கை தட்டியிருக்கிறோம். நானும் ஒருமுறை பெரியப்பாவிடம், 'இவ்வளவு தெரிஞ்சும் ஏன் திரும்பிப் பாத்தீங்க?' என்றேன். 'தெரியாம இல்லப்பா. தெரிஞ்சத எங்க கொண்டு போயி வெக்கிறது? வாரக் கூலி சனிக்கெழமதான் குடுப்பான்' என்றார். சொரணை போனது வேறு, சனிக்கிழமை வரை அதை அடக்கி வைத்திருப்பது வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆராய்ச்சி மாணவர்கள் கேள்வித்தாளோடு சேரிக்குள் வரும்போது இதையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் எங்கள் தெருக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தோம். 'விழிப்புணர்வுக் கூட்டம்' என்றுதான் முதலில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் லாரி வைத்திருப்பவர்களும் வர வேண்டும், சட்டத்தைப் படித்துக் காட்டுவோம் என்று போட்டோம். மெயின் ரோடு வரைக்கும் போய்க் கதவு தட்டிக் கொடுத்தோம். வீட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். லாரிக்காரர் ஒருவரும் வரவில்லை.