கல்குழி நீரும் நம் கணக்கும்
குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்தில் கருங்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. 2017 வறட்சியில் அந்நீரே செம்பரம்பாக்கத்தில் தூய்மையாக்கப்பட்டுச் சென்னை மக்களின் தாகம் தீர்த்தது. 'ஆதலின் கல்லுடைத்ததும் அறமே' என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வெட்டியவர் நாடியது ஜல்லி, நீரன்று. எண்ணத்தை ஒட்டியே வினை கட்டுகிறது.

எனினும் அவரை மட்டும் பழிக்க நமக்கு நா எழவில்லை. செய்தலும் செய்வித்தலும் உடன்படுதலும் வினைக்கு வாயில்களே. ஜல்லியின்றி ஒரகடத்துத் தொழிற்சாலையும் இல்லை, நம் வீட்டு மாடியும் இல்லை, ஏன், ஜினாலயச் சுற்றுமதிலும் இல்லை. பிருதிவிகாயிக உயிர்களுக்கு முற்றும் தீங்கிழையாமை முனிவர்க்கே இயலும். இல்லறத்தார்க்கோ, பயனின்றி நிலம் அகழ்தலை அனர்த்ததண்டம் என்று இரத்தினகரண்டகத்தில் விலக்கினார் சமந்தபத்திரர்.

பயன் எதுவரை? உறுதியான பழந்தரையைப் பெயர்த்துக் கிரானைட் பதிப்பது தேவையா, பகட்டா? நம் கூடத்தில் நாமும் பதித்திருக்கிறோம்.