நடப்பவருக்கு விட்ட நிழல்

காலை ஆறு மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தடுப்பு இன்னும் எடுக்கப்படவில்லை. மாலை ஆறு மணிக்குப் போட்டால் மறுநாள் ஏழரைக்குத்தான் எடுப்பார்கள். அதுவரை வண்டிகளுக்கு வழியில்லை. எல்லாரும் சாலை நடுவிலேயே நடக்கிறார்கள். பின்னால் ஹாரன் கேட்காது என்பது உறுதியானதும் தோள்கள் தாமாகத் தளர்கின்றன. அலைச் சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் ஏறுகிறது.

*

சாலையோரம் நெடுகக் கருங்கற்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்தாற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்சுவர்கள் எழுப்பினார்கள். அவை மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியவைதாம் இந்தக் கற்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் 2018-ல் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அங்கே மணல் திரும்பி வந்தது. இப்போது அதில் குழந்தைகள் குழி தோண்டுகிறார்கள்.

கல் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கால் கண்டுகொள்கிறது. ஒரு துறைமுகம் அரை நூற்றாண்டுக்குள் ஒரு கரையை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

*

இந்த ஊரில் வழி தவறுவது கடினம். 1693-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், சில ஆண்டுகளே இருந்தாலும், நேர்கோட்டு வீதிகளுக்கு வரைபடம் போட்டார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பின்பற்றிக் கட்டினார்கள். குறுக்கு வீதிகள் பலவற்றில் நின்று கிழக்கே பாருங்கள்: கடைசியில் கட்டடம் இராது, வெளிச்சம் இருக்கும். அதுதான் கடல்.

*

பிரெஞ்சுப் பகுதியின் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி. மஞ்சள் சுவர்கள், காகிதப்பூ, பூட்டிய உயரமான கதவுகள். அழகுதான். ஆனால் வீடுகளின் முகம் உள்முற்றத்தைப் பார்த்திருக்கிறது. தெருவில் போகிறவருக்குச் சுவர் மட்டுமே மிச்சம். வார இறுதிகளில் அந்தச் சுவரையும் கார்கள் மறைத்துவிடுகின்றன.

*

பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி, வேறு மனம் கொண்ட ஊர்.

வைசியாள் வீதியில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது தாழ்வாரத்தை. வீட்டுச் சுவருக்கு வெளியே, தெருவை ஒட்டி ஒரு மேடை; அதன்மேல் மரத்தூண்கள்; தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக்கூரை. அதற்கு உள்ளேதான் திண்ணை வருகிறது. திண்ணை, வீட்டுக்கு வந்தவருக்கு. தாழ்வாரம், வீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தெருவில் போகிறவருக்கு. ஒரு வீட்டின் கூரை முடியுமிடத்தில் அடுத்த வீட்டின் கூரை தொடங்குவதால், ஒருகாலத்தில் வெயிலோ மழையோ படாமல் தெருவின் நீளம் முழுக்க நடந்திருக்க முடியும்.

ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் மரம் வழவழவென்றிருந்தது. அதற்கு மேலே சொரசொரப்பு. எத்தனை தலைமுறை சாய்ந்து நின்றிருக்கும். முன்பின் தெரியாதவருக்காகச் சொந்தச் செலவில் நிழல் கட்டியவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. இந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அந்தப் பெருமை வீதிக்குத் தகும். பக்கத்துத் தெருக்களிலோ பல தாழ்வாரங்கள் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நடப்பவர் வெயிலில் இறங்கிப் போகிறார்.

*

பெரிய மார்க்கெட்டின் மீன் வாடையும் கனகாம்பரக் கூடைகளும் கடந்து ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டு வாசல். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மனைவியின் கோபம் எல்லாம் அதில் உண்டு. கீழ்த்தளத்தில் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே வாழ்ந்தவருக்குப் பொருத்தமான வீடு. பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் உலவிய ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியும் இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

*

ஊரை நடந்தே பார்க்கலாம் என்றாலும், கார் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அரிக்கமேடு ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் அயல்நாட்டு மட்பாண்டங்களும் கிடைத்த இடம். கடலூர் பஸ்ஸில் அரியாங்குப்பத்தில் இறங்கிக் காக்காயன்தோப்பு வழியாக நடக்கலாம். ஆனால் முதியவர்களையும் சிறுவர்களையும் அந்த வெயிலில் இழுத்துச் செல்வது நியாயமில்லை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். இப்போது நிற்பவை பிற்காலத்துப் பாதிரிமார் இல்லத்தின் செங்கற் சுவர்கள். கூடவே மாமரங்களும் ஆறும். பார்க்க அதிகமில்லை, நிற்க நிறைய இருக்கிறது.

*

ஆகவே புதுச்சேரிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரிக்கமேட்டுக்குக் காரை எடுங்கள். வாய்க்காலுக்கு இருபுறமும் உள்ள பழைய ஊருக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். விடுதியிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். முதலில் வைசியாள் வீதிக்குப் போங்கள். தூரம் அதிகமில்லை.