கத்திக்குப் பொட்டு, விரலுக்கு விலை

போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை இன்றும் இருக்கிறது. படாக் போன்ற கெட்டி மரங்களை அறுத்துத் தள்ளிய இடம். அந்தமானில் ரம்பமும் உளியும் பிடிக்கிறவர்களுக்கு ஆண்டில் இரண்டு பூஜை: வங்காளிகளுக்குச் செப்டம்பர் நடுவில் விஸ்வகர்மா பூஜை, தமிழர்களுக்கு நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. பொட்டு வைத்ததும் கருவி சாமியாகிவிடுகிறது.

அந்தச் சாமியே மறுவாரம் விரலைக் காவு வாங்கினால் யார் பொறுப்பு?

‘கண்டம் இருந்தது, விரலோடு போச்சு’ என்பதுதான் பட்டறையில் முதலில் வரும் பதில். அடிபட்டவருக்குக் கொஞ்சம் ஆறுதல், முதலாளிக்கு ரொம்ப வசதி. ஆனால் ஊழுக்கு 38-ஆம் அதிகாரத்தைக் கொடுத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கு, அதாவது விடாமுயற்சிக்கு, 62-ஐ ஒதுக்கினார். வினைக்கணக்கு என்று ஒன்று இருந்தால் பட்டறைக்குள் நடப்பதும் அதில் ஏற வேண்டும்: வேலை வேகமாக நடக்க ரம்பத்தின் காப்பு மூடியைக் கழற்றியது, பிடி ஆடும் உளியை மாற்றாதது, மழுங்கிய கத்தியை இன்னும் ஒரு வாரம் ஓட்டியது. கூரான கத்தியைவிட மழுங்கியதுதான் பொல்லாதது. அது இறங்க அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் எதிரே இருப்பது மரத்தைப் பிடித்திருக்கும் இடது கை. பூஜைக்கு முந்தின நாள் துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, பிடியை இறுக்குகிறார்களே, பக்தியில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை அதைச் செய்தால் எந்தச் சாமியும் கோபிக்காது.

சீன ஞானி சுவாங்சியின் கதையில் மாடு அறுக்கும் சமையற்காரர் ஒருவர் வருகிறார். அவர் கத்தி 19 ஆண்டாகியும் புதிதாகத் தீட்டியது போலவே இருக்கும். அதை எல்லோரும் வியக்கிறார்கள். சிக்கலான மூட்டு வந்ததும் அவர் உஷாராகி, கையை மெதுவாக்குகிறாரே, அதை யாரும் பேசுவதில்லை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அந்த நிதானத்தை யார் தருவார்?

1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஊழைக் கேட்கவில்லை. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, சுண்டுவிரலுக்கு 7 என்று அட்டவணை போட்டது. துரோணர் ஏகலைவனிடம் சரியான விரலைத்தான் கேட்டிருக்கிறார்! முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை; வேலையால் வந்த காயமாக இருந்தால் போதும். ஆனால் காப்பு மூடியைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால், உயிர்ச்சேதமோ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயத்துக்குப் பணம் கிடையாது. ‘கழற்று’ என்று மேஸ்திரி வாயால் சொன்னதற்குக் காகிதம் இருக்காது.