காகம் காட்டிய குழி

காஞ்சி மாநகரில் அமாவாசை நாளின் முற்பகலில் தெருவழியே நடப்பவர் ஒரு காட்சியைக் காணாதிருக்க இயலாது. மாடி விளிம்பிலும் மதிலின் மேலும் ஒரு பிடி சோறு வைக்கப்பட்டிருக்கும். வைத்தவர் காகத்தைக் கூவி அழைத்துக் காத்து நிற்பார். அது வந்து வாய் வைத்த பின்னரே அவ்வீட்டில் இலை போடுவர். மறைந்த பெற்றோர் அப்பறவையின் வடிவில் வந்து உண்பதாக நம் அண்டை வீட்டார் கொண்டுள்ள நம்பிக்கை அது. மனிதர் செய்கைகளைக் கணக்கெழுதுபவர் என்று அவர்கள் போற்றும் சித்திரகுப்தருக்கு நெல்லுக்காரத் தெருவில் தனிக்கோயிலே உண்டு. இறந்தோர் நினைவும் வினைக் கணக்கும் இவ்வூரில் அன்றாடச் செய்திகள்.

அத்தெருக்களை அடுத்த தெருக்களில் தறிகள் ஓடுகின்றன. பட்டின் கரையிலும் முந்தானையிலும் மயில் உண்டு, அன்னம் உண்டு, கிளி உண்டு, யாளியும் இருதலைப் பட்சியும் உண்டு. காகத்தை நெய்த சேலையை மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. சோறிட்டு வருந்தி அழைக்கும் பறவைக்கு உடுத்தும் துணியில் இடமில்லை!

இவ்வாறு ஒரு கையால் அழைக்கப்பட்டு மறு கையால் ஒதுக்கப்படும் இப்பறவையை இறைவன் ஒருமுறை ஆசிரியனாக அனுப்பினான். திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவில் ஆதம் (அலை) அவர்களின் இரு புதல்வர் வரலாறு கூறப்படுகிறது. மறை அவர்களைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. காபில், ஹாபில் என்பன மரபு தந்த பெயர்கள். இருவரும் குர்பானி அளித்தனர். ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாதவன் உடன்பிறந்தானைக் கொன்றான். கொன்றபின் அவ்வுடலை என்ன செய்வதென்று அறியாது திகைத்தான். அப்போது மண்ணைக் கிளறும் ஒரு காகத்தை இறைவன் அனுப்பினான்; உடன்பிறந்தானின் உடலை மறைப்பது எவ்வாறு என்று அது அவனுக்குக் காட்டிற்று. இக்காகத்தின் அளவுக்குக்கூட அறிவில்லாதவனாகிவிட்டேனே என்று அவன் நொந்தான், வருந்துவோருள் ஒருவனானான்.

இரு காகங்கள் பொருது, ஒன்று மற்றொன்றைக் கொன்று குழிதோண்டிப் புதைத்ததாக நாம் இளமையில் கேட்ட கதை, இமாம் தபரீ (மறைவு கி.பி. 923) முதலிய விரிவுரையாளர் எடுத்துக்காட்டும் அறிவிப்புகளில் வருவது. மறையின் மூலத்தில் இருப்பது ஒரே காகம். அது செய்தது மண்ணைக் கிளறியது மட்டுமே. யூதர்களின் பழைய மரபு நூல் ஒன்றில், மகனை இழந்து அழுது நின்ற ஆதமுக்கே காகம் அடக்கம் செய்யும் முறையைக் காட்டியதாகக் கதை உண்டு. நம் மறையிலோ காகம் துயருற்ற தந்தையிடம் வரவில்லை. குற்றம் புரிந்த அண்ணனிடம் வருகிறது. இவ்வேறுபாடு சிறியதன்று.

இங்கே ஒரு வினா எழுகிறது. வருத்தமே தவ்பா என்ற கருத்தில் நபிமொழி உண்டு. காபில் வருந்தினான் என்று மறையே கூறுகிறது. அவ்வாறாயின் அவன் மன்னிப்புப் பெற்றானா? பெற்றிலன் என்று எண்ணவே இடமிருக்கிறது. உலகில் அநியாயமாகச் சிந்தப்படும் ஒவ்வோர் உயிரின் இரத்தத்திலும் ஆதமின் அந்த முதல் மகனுக்கு ஒரு பங்கு உண்டு என்ற கருத்தில் புகாரி ஷரீபில் ஹதீஸ் வந்துள்ளது. வருந்தியவன் ஏன் விடுபடவில்லை? இவ்வினாவுக்கு விடை காண, காகம் அவனுக்குக் கற்பித்தது என்ன, கற்பிக்காதது என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

காகம் தானாக எதையும் சொல்வதில்லை. கேட்பவனே அதன் குரலுக்குப் பொருள் வைக்கிறான். நம் சங்கப் புலவர் நச்செள்ளையார், காகம் கரைந்தால் விருந்து வரும் என்ற வழக்கை வைத்துப் பாடியதனாலேயே காக்கைபாடினியார் என்னும் சிறப்புப் பெற்றார். அப்பாட்டு குறுந்தொகையில் உள்ளது. பிரிந்து போன தலைவன் திரும்பி வருவதற்குக் காகமே நிமித்தம். அரபுக் கவிஞருக்கோ அதே குரல் பிரிவின் குரல். 'குராபுல் பைன்', அதாவது பிரிவுக் காகம் என்றே அவர்கள் அதனைச் சபித்தனர். ஒன்பதாம் நூற்றாண்டுப் பேரறிஞர் ஜாஹிழ், உயிரினங்களைப் பற்றிய தம் பெருநூலில் இதற்குக் காரணம் கூறுகிறார்: கூடாரங்களைப் பெயர்த்துக்கொண்டு ஒரு குலம் புறப்பட்டுப் போன பின், எஞ்சிய இரையைப் பொறுக்கக் காகம் வந்து இறங்கும். தமிழகத்துக் காகம் சோறு வேகும் வீட்டை நாடி வந்தது; அரபுநாட்டுக் காகம் மனிதர் நீங்கிய வெற்றிடத்தை நாடி வந்தது. பறவை ஒன்றே, பசியும் ஒன்றே. வரவென்றும் பிரிவென்றும் வேறுபட்டவை மனித உள்ளங்களே. பறவைகளைக் கொண்டு சகுனம் பார்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) விலக்கியதன் ஞானம் இங்கே விளங்கும்.

காகத்தின் நிறமும் பழிச்சொல்லாயிற்று. அபிசீனியத் தாயருக்குப் பிறந்த கறுப்பு நிறக் கவிஞர்களை 'அரபியரின் காகங்கள்' என்று அழைத்தனர். முஅல்லகாத் கவிஞருள் ஒருவரான அன்தரா அவ்வரிசையில் எண்ணப்பட்டவர். மனிதன் இழிவுபடுத்தக் கையாண்ட பெயருக்குரிய பறவையையே, முதற் கொலையாளி பாடம் கேட்க வேண்டியதாயிற்று.

ஆனால், பறவையிடம் பாடம் கேட்டவரெல்லாம் நல்ல பாடத்தையே கேட்டனர் என்று சொல்ல முடியாது. மகாபாரதத்தில் சௌப்திக பருவம் என்றொரு பகுதி உண்டு. தந்தையை இழந்த அசுவத்தாமன், போர் முடிந்த இரவில் ஓர் ஆலமரத்தின் அடியில் உறக்கமின்றிக் கிடக்கிறான். மரத்தில் காகங்கள் உறங்குகின்றன. ஓர் ஆந்தை ஓசையின்றி வந்து அவற்றைக் கொன்று குவிக்கிறது. அதையே தனக்குக் கிடைத்த உபதேசமாகக் கொண்டு அவன் எழுகிறான். பகைவர் பாசறையில் உறங்குவோரைக் கொல்கிறான். பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி, காகங்கள் ஆந்தைகளை வஞ்சித்து அவற்றின் குகையோடு எரித்த கதை. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனை 'கலீலா வ திம்னா' என அரபுக்குக் கொண்டுவந்தார். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டு அரபுச் சுவடி ஒன்று, அந்நூலை வண்ண ஓவியங்களோடு காட்டுகிறது. அங்கே காகம் அரசியல் தந்திரத்தின் ஆசான்.

ஆக, இயற்கை நமக்குத் தருவது 'எவ்வாறு' என்ற அறிவையே. திருமறையின் சொல்லாட்சியைக் கூர்ந்து நோக்குங்கள். காகம் காட்டியது 'கைஃப', அதாவது 'எவ்வாறு' என்பதைத்தான். 'கொல்லாதே' என்ற பாடத்தைக் காகம் சொல்லவில்லை. அதைச் சொன்னவன் ஹாபில். நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்டமாட்டேன். நான் இறைவனை அஞ்சுகிறேன் என்ற கருத்தை அவன் கொலைக்கு முன்பே உரைத்துவிட்டான். உடன்பிறந்தவன் பேசிய சொல்லைக் கேளாதவன், பேசாத பறவையிடம் பாடம் கேட்டான். கேட்ட பாடமும் குற்றத்தை மறைக்கும் கலையாகவே முடிந்தது.

காகம் உண்மையில் தன் இனத்தைப் புதைப்பதில்லை. இறந்த காகத்தைச் சூழ்ந்து மற்றவை கூடிக் கரைவதை நாமனைவரும் கண்டிருக்கிறோம். தம் இனத்திற்கு நேர்ந்த ஆபத்தை அறிந்துகொள்ளவே அவை அவ்வாறு கூடுகின்றன என்று, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆனால் எஞ்சிய இரையை மண்ணிலும் ஓட்டிடுக்கிலும் ஒளித்து வைப்பது காகத்தின் இயல்பு. மண்ணைக் கிளறும் காகம் என்ற மறையின் சொல்லுக்கும் இவ்வியல்புக்கும் எவ்வளவு பொருத்தம்!

காபிலின் வருத்தம் எதைப் பற்றியது என்பதில் விரிவுரையாளர்கள் பலவாறு கூறுவர். புதைக்க அறியாமைக்காக வருந்தினான் என்பர்; கொலையால் பயனேதும் கிட்டாமைக்காக வருந்தினான் என்பர். இக்கருத்துகளின் சாரம் ஒன்றே: அவன் நொந்தது தன் நிலைக்காக, தம்பிக்காக அன்று. இமாம் கஸ்ஸாலி (மறைவு கி.பி. 1111) தவ்பாவை மூன்று படிகளாக விளக்குவார். குற்றத்தின் கேட்டை அறிதல் முதலாவது. அவ்வறிவால் உள்ளம் நோதல் இரண்டாவது. அந்நோவால் குற்றத்தை விட்டு விலகி, இயன்றதைச் சரிசெய்தல் மூன்றாவது. வெட்கம் இரண்டாம் படியின் வாயிலில் நிற்பது. மூன்றாம் படியை அது அறியாது. பிறர் கண்ணுக்கு அஞ்சுவது வெட்கம். பிறர்க்கு இழைத்ததை எண்ணி அஞ்சுவது தவ்பா.

இதை நான் கிதாபில் மட்டும் கற்றிருந்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

என் தந்தையார் பட்டு நூலுக்குச் சாயமேற்றும் தொழிலாளி. வீட்டின் பின்புறம் எங்கள் சாயப் பட்டறை இருந்தது. அண்ணன் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுச் சாயத்தொட்டியில் கை வைத்தார். என்னை ஓத அனுப்பினார்கள். வேலூரில் நான் ஓதிய ஆண்டுகளின் செலவெல்லாம் அவருடைய கூலி. அங்கே காயல்பட்டினத்து மாணவர்கள் தம் அண்ணன்மாரைக் 'காக்கா' என்று அழைப்பதைக் கேட்டு, வடபுறத்தவரான நாங்கள் நகைத்ததுண்டு. கீழக்கரையிலும் இலங்கையிலும் நம்மவரிடையே அதுவே வழக்கு என்பதைப் பின்னர் அறிந்தேன். இன்று அச்சொல்லைக் கேட்டால் எனக்கு நகைப்பு வருவதில்லை.

தந்தையார் இறக்குமுன், பட்டறையும் பின்கட்டும் அண்ணனுக்கு என்று வாய்மொழியாகக் கூறினார். வாரிசுக்கு மரண சாசனம் செல்லாது. மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அதற்கு மதிப்பில்லை. எங்கள் வீட்டில் மற்ற வாரிசு நான் ஒருவனே. நான் இசையவில்லை. ஷரீஅத்தின் சொல்லை எடுத்துக்காட்டிச் சரிபாதி கேட்டேன், பெற்றேன். பங்கு பிரிக்கப் பட்டறை விற்கப்பட்டது. அண்ணன் பிறர் பட்டறையில் கூலிக்குப் போனார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் பேசவுமில்லை. சட்டப்படி நான் செய்ததில் பிழை காண எவராலும் இயலாது. இசைவு தரும் உரிமையை மார்க்கம் எதற்காக என் கையில் விட்டு வைத்தது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே பிழை. என் பேராசையின் மேல் கிதாபின் ஏட்டைப் பரப்பினேன். காகம் மண்ணைக் கொண்டு மறைத்தது. நான் மறைக்கக் கல்வியைக் கொண்டேன்.

அவர் மறைந்த அன்று மய்யித்தைக் குளிப்பாட்டியவருள் நானும் ஒருவன். நகக்கண்களில் படிந்திருந்த சாயம் எவ்வளவு கழுவியும் போகவில்லை. ஜனாஸா தொழுகையை நடத்தும்படி என்னையே முன்னிறுத்தினார்கள், நடத்தினேன். மூன்று பிடி மண்ணும் இட்டேன். கபரஸ்தானின் மதில்மேல் ஒரு அண்டங்காக்கை அமர்ந்திருந்தது. தம்பியின் கடமையைக் குறைவறச் செய்தார் என்று ஊரார் சொன்னார்கள். அச்சொல் என்னைச் சுட்டது போல் எந்த வசையும் சுட்டதில்லை. மறைக்கும் கலையில் நான் தேர்ந்துவிட்டேன் என்பதல்லவா அதன் பொருள்!

பிறகு கணக்கிட்டு, பட்டறையால் நான் பெற்ற தொகையை அவருடைய மக்களிடம் ஒப்படைத்தேன். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டியவர் அவர்களல்லர் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாண்டவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாதவன் நற்செயல்களைப் பெருக்கட்டும் என்று பெரியோர் கூறுவர். பெருக்க முயல்கிறேன். போதுமா என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அரபு கற்றோர் ஒன்றை நோக்குதல் தகும். காகம் மறைக்கக் காட்டிய உடலை மறை 'ஸவ்அத்' என்கிறது. மறைத்தலை 'யுவாரீ' என்கிறது. ஏழாம் அத்தியாயமான அல்அஃராஃபின் 26ஆம் வசனத்திலும் இவ்விரு சொற்கள் சேர்ந்து வருகின்றன. அங்கே பேசப்படுவது பிணமன்று, ஆடை. மனிதரின் வெட்கத்தலங்களை மறைக்க ஆடையை அருளினோம் என்ற கருத்தைக் கூறிவிட்டு, இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்று அவ்வசனம் முடிவை நோக்கிச் செல்கிறது. பிணத்தை மறைக்க மண். உடலை மறைக்கத் துணி. இரண்டுக்கும் மேலாக உள்ளத்துக்கு ஓர் ஆடை. முதலாவதைக் காகம் கற்பித்தது. இரண்டாவதை நம்மூர்த் தறிகள் உலகம் வியக்க நெய்கின்றன. மூன்றாவது குற்றத்தை மூடும் ஆடையன்று; குற்றம் செய்யாமல் தடுக்கும் ஆடை. அதை நெய்ய வேண்டியவன் அவனவனே. கொலைக்கு முன்பே, பங்கு கேட்கும் முன்பே நெய்ய வேண்டும்.

காகத்திடம் இன்னொரு பாடமும் உண்டு. கிடைத்த இரையை மறைக்காமல் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காகத்தை, வள்ளுவர் சுற்றந்தழால் என்ற அதிகாரத்தில் வைத்தார். ஒளிக்கும் காகமும் அதே. ஒளிக்காத காகமும் அதே. காபிலும் நானும் முதற் பாடத்தைக் கற்றோம். இரண்டாம் பாடத்தை நான் காலங்கடந்து கற்று வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அண்ணன் மக்களை வீட்டுக்கு அழைத்து ஒரே தட்டில் உண்கிறோம். இளையவன் இப்போதும் என்னோடு அதிகம் பேசுவதில்லை, வருகிறான், அவ்வளவே. அவன் பேசும் நாள்வரை அழைத்துக்கொண்டே இருப்பேன்.

உடன்பிறந்தார் உயிரோடிருக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல்: அவர் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காகம் வந்து கற்பிக்கும் வேளையில், கற்பதற்கு எஞ்சியிருப்பது குழி தோண்டும் முறை ஒன்றே.