தாய்ப்பாலின் விலை

தாய்ப்பால் விலைமதிப்பற்றது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும், அதற்கு விலையே இல்லை என்பதுபோலன்றோ நடந்துகொள்கிறோம்!

குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தால் நேரும் மரணங்களைக் கொலையென்றே கொள்ள வேண்டும் என 1939இல் சிங்கப்பூரில் அஞ்சாது உரைத்தார் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1981இல் உலக சுகாதார சபை பால்மா விளம்பரத்துக்கு விதி வகுத்தது; இலங்கையும் அவ்வழி நின்றது. வணிகனுக்கு விதி வந்தது. தாய்க்கு என்ன வந்தது?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது மருத்துவம். தனியார் துறையில் சம்பளம் பெறும் பெண்ணுக்குச் சட்டம் தரும் பேற்று விடுமுறையோ 84 நாள். இலுப்பைக்கடவையில் கருவாடு உலர்த்தும், வயலில் களை பறிக்கும் நாட்கூலிப் பெண்ணின் கைக்கு அதுவும் எட்டுவதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து குழந்தையை நிறுக்கிறார், நல்லுரை கூறுகிறார். அவ்வரிய பணியை யார் மறுப்பர்? ஆனால், அவர் சென்றபின் உலைக்கு அரிசி வேண்டுமே!

கூலியை இழந்தவளிடம் கடமையை மட்டும் போதிப்பது அறமன்று. குழந்தை நாட்டின் செல்வமெனில், அதற்குப் பாலூட்டும் நாள்களின் கூலியும் நாட்டின் கடனே. முதலில் கடனைத் தீர்ப்போம். பின்னர் அறிவுரை கூறுவோம்.